மதுவத்தில் ஒரு புரதம் வளர்ச்சிச் சமிக்ஞையை அடக்குகிறதா? எப்படிச் சோதிப்பது

கேள்வி: வவுனியா பம்பைமடுவில் இறுதியாண்டு படிக்கிறேன். மதுவக் கலத்தை வளரத் தூண்டும் டோர்க்1 (TORC1) என்ற புரதத் தொகுதியின் சமிக்ஞையை எங்கள் புரதம் அடக்குகிறது என்று நினைக்கிறோம். அதைப் பல பிரதிகள் தரும் பிளாஸ்மிட்டில் (சிறு வளைய டிஎன்ஏயில்) போட்டபோது கலங்கள் மெதுவாக வளர்ந்தன. இது ஆதாரமாகுமா? புரதத்தைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் புளொட் செய்ய யாழ்ப்பாணம்தான் போகவேண்டும்.

பதில்: ஆகாது, தங்கச்சி. எந்தப் புரதத்தையும் அளவுக்கு மீறித் திணித்தால் கலம் மூச்சு வாங்கக்கூடும். அதற்கும் டோர்க்1-க்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம். கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: அந்தப் புரதம் இல்லாத கலத்தில், பட்டினி போட்ட பிறகும் டோர்க்1 அடங்காமல் நிற்கிறதா?

நைதரசனும் அமினோ அமிலமும் தாராளமாக இருந்தால் டோர்க்1 ஓங்கி நிற்கும், வற்றினால் அடங்கும். ராபமைசின் என்ற மருந்து தாக்குவதும் இதைத்தான். 1991இல் ஹைட்மன், மோவா, ஹால் ஆகிய ஆய்வாளர்கள் டோர் பரம்பரையலகுகளைக் கண்டுபிடித்ததே இந்த மருந்துக்கு மசியாத மதுவ விகாரிகளை வைத்துத்தான். ஆகவே மதுவத்தில் வேலை செய்வதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

முதலில் உங்கள் பரம்பரையலகு நீக்கப்பட்ட மதுவமும் அதன் தாய் வகையும் வேண்டும். பம்பைமடுவிலேயே செய்யக்கூடியது புள்ளிச் சோதனை. இரவு வளர்த்த மதுவத்தைக் காலையில் ஐதாக்கி, மறுபடி வேகமாக வளரவிட்டு, எல்லா வகைகளையும் ஒரே அடர்த்திக்குக் கொண்டுவாருங்கள். பத்து மடங்குப் படிகளாக ஐதாக்கி, ஒவ்வொன்றிலும் 5 மைக்ரோலீற்றர் புள்ளி வையுங்கள். ஏகார் தட்டுகளில் ராபமைசின் மில்லிலீற்றருக்கு 5, 10, 20 நனோகிராம் என்று இருக்கட்டும். மருந்தைக் கரைத்த திரவம் மட்டும் அதே அளவு சேர்ந்த தட்டு ஒன்றும் கட்டாயம். அதே தட்டில் டோர்க்1-இன் ஒரு பகுதியான டோர்1 நீக்கிய வகை சுருண்டு போகவேண்டும், ராபமைசின் வேலை செய்யத் தேவையான எஃப்பிஆர்1 நீக்கிய வகை ஒன்றும் நடக்காதது போல வளரவேண்டும். இந்த இரண்டும் சரியாக வராத தட்டை நம்பாதீர்கள்.

வன்னி வெயிலில் மத்தியான அறை வெப்பம் 30 பாகையைச் சாதாரணமாகத் தாண்டும். சூடு ஏறினால் அந்த அழுத்தமே டோர்க்1-ஐக் குழப்பும். இடையில் கரண்ட் போய் இன்கியூபேற்றர் சூடேறிவிட்டால் அந்தத் தொகுதியை எறிந்துவிடுங்கள். அப்புறம், பிளாஸ்மிட் உள்ள கலத்தை வெற்றுப் பிளாஸ்மிட் உள்ள கலத்துடன்தான் ஒப்பிடவேண்டும். லியூசின், யுரசில் போன்றவற்றைத் தானே செய்யமுடியாத வகைகள் ஊடகம் மாறினாலே வேறுவிதமாக நடந்துகொள்ளும்.

உங்கள் பரம்பரையலகு நீக்கிய வகை தாய் வகையைவிட ராபமைசினைத் தாங்கி வளர்ந்தாலும் அது சந்தேகத்தைப் பலப்படுத்துமே தவிர முடிவாகாது. மருந்து கலத்துக்குள் போவது குறைந்திருந்தாலும் இதே படம்தான் கிடைக்கும். டோர்க்1-இன் வேலையை நேரே பார்க்கவேண்டும். அதற்கு வசதியான அடையாளம், ஆர்பிஎஸ்6 என்ற ரைபோசோம் புரதத்தில் 232, 233ஆம் இடங்களிலுள்ள செரின் அமினோ அமிலங்களில் ஏறும் பொஸ்பேற்று. மனித எஸ்6 புரதத்தின் பொஸ்பேற்று செரின் 235/236-க்குச் செய்த பிறபொருளெதிரியே இதையும் பிடிக்கும்.

நைதரசன் இல்லாத ஊடகத்தில் அரை மணி நேரம் வைத்து, பிறகு குளூட்டமின் கொடுத்து, 0, 2, 5, 10, 30 நிமிடங்களில் மாதிரி எடுங்கள். மையநீக்கியில் சுற்றி, கழுவி என்று ஆறுதலாக நின்றால் அதற்குள் சமிக்ஞை மாறிவிடும். மாதிரியை எடுத்த கையோடு குளிர்ந்த முக்குளோரோ அசற்றிக் அமிலத்தில் ஊற்றிவிடுங்கள், கடைசிச் செறிவு 10 வீதம் அளவில். நொதியங்கள் எல்லாம் அந்த நொடியே செயலிழக்கும். பிறகு அசற்றோனால் கழுவி, எஸ்டிஎஸ் என்ற சவர்க்காரக் கரைசலில் கொதிக்கவைத்தால், ஐஸ் பெட்டியில் வைத்து ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் கொண்டுபோகும் நேரத்துக்கு மாதிரிக்கு ஒன்றும் ஆகாது.

உங்கள் புரதம் அடக்குவதுதான் என்றால், அது இல்லாத கலத்தில் பட்டினியிலும் பொஸ்பேற்றுப் பட்டை தங்கி நிற்கும். இதற்கு நல்ல ஒப்பீடு என்பிஆர்2 என்ற பரம்பரையலகு நீக்கிய வகை. அதிலும் பட்டினி போட்டால் டோர்க்1 ஒழுங்காக அடங்காது. மொத்த ஆர்பிஎஸ்6 பட்டையையும் கூடவே காட்டுங்கள். புரதமே குறைந்து பொஸ்பேற்றும் குறைந்ததை அடக்குதல் என்று எழுதிய அறிக்கைகள் ஏராளம்.

பிறகு அந்தப் பரம்பரையலகை அதன் சொந்த முன்னியக்கியுடன் (அதை இயக்கிவிடும் டிஎன்ஏ பகுதியுடன்), ஒற்றைப் பிரதி பிளாஸ்மிட்டில் திருப்பிக் கொடுங்கள். நிலைமை பழையபடி வரவேண்டும். வராவிட்டால் நீக்கும்போது பக்கத்துப் பரம்பரையலகு கெட்டிருக்கலாம், அல்லது வேறெங்கோ விகாரம் புகுந்திருக்கலாம். என்னைக் கேட்டால், மாணவர் அறிக்கைகளில் அதிகம் விடுபடுவது இந்தப் படிதான்.

இனி, எந்த இடத்தில் அடக்குகிறது? இரணைமடுக் குளத்தின் கீழ் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் துருசு பூட்டியிருக்கலாம், நடு வாய்க்கால் அடைத்திருக்கலாம். வயலில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆர்பிஎஸ்6-க்குப் பொஸ்பேற்று ஏற்றுவது டோர்க்1-க்குக் கீழே உள்ள வைபிகே3 என்ற நொதியம். உங்கள் புரதம் வைபிகே3-ஐ மட்டும் தொட்டாலும் பட்டை மாறும். அதனால் டோர்க்1 நேரடியாகப் பொஸ்பேற்று ஏற்றும் எஸ்சிஎச்9 என்ற புரதத்தையும் பாருங்கள். இரண்டும் சேர்ந்து மாறினால் விஷயம் டோர்க்1-இலோ அதற்கு மேலேயோ நடக்கிறது. என்பிஆர்2-ஐயும் உங்கள் பரம்பரையலகையும் சேர்த்து நீக்கியும் தனித்தனியே நீக்கியதைவிட விளைவு கூடவில்லை என்றால், இரண்டும் ஒரே பாதையில் இருக்க வாய்ப்பு அதிகம்.

மூன்று தடவை செய்யவேண்டும் என்பதற்கு, வேறு வேறு மதுவக் கொலனியில் தொடங்கி வேறு வேறு நாளில் செய்வது என்று பொருள். ஒரே சாற்றை மூன்று தடத்தில் ஓட்டினால் அது ஒரு தடவைதான்.

யாழ்ப்பாணத்துக்கு முதல் தடவை உங்கள் வகையைக் கொண்டுபோகவே வேண்டாம். தாய் வகை, மில்லிலீற்றருக்கு 200 நனோகிராம் ராபமைசின் கொடுத்த தாய் வகை, வைபிகே3 நீக்கிய வகை, இந்த மூன்றும் போதும். முதலாவதில் பட்டை தெரிந்து மற்ற இரண்டிலும் மறைந்தால் பிறபொருளெதிரி சரி. அடுத்த முறை உங்கள் மாதிரிகளுடன் போங்கள்.