எட்டு மாதமாகப் பூட்டிய கடை, மூன்று லட்சம் அட்வான்ஸ்: எடுக்கலாமா?

கேள்வி: தருமபுரி பஸ் நிலையத்திலிருந்து கடைவீதிக்குப் போகும் வழியில் ஒரு கடை எட்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. பத்துக்குப் பதினாறு அடி. முன்பு செல்போன் கடை. வாடகை 14,000, அட்வான்ஸ் 3 லட்சம் என்கிறார் ஓனர். காலி செய்தவர் ரேக், கண்ணாடிக் கவுன்ட்டர், சீலிங் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றரை லட்சம் தனியாகக் கேட்கிறார். வீட்டில் வைத்து நைட்டி, உள்பாவாடை, லெக்கிங்ஸ் விற்று வருகிறேன். அட்வான்ஸுக்குக் கொஞ்சம் கடன் வாங்க வேண்டியிருக்கும். எடுக்கலாமா? ஜிஎஸ்டி வருமா? போர்டை இங்கிலீஷில் வைக்கலாமா? (வாசகி, தருமபுரி)

பதில்: கேட்ட விலைக்கு எடுக்க வேண்டாம். ஆனால் கடையையே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அது ஏன் எட்டு மாதமாகப் பூட்டியிருக்கிறது என்பதை நீங்கள் இன்னும் விசாரிக்கவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது.

ஒரு கடை காலியாகக் கிடந்தால் "அந்த இடம் ராசியில்லை" என்று நம் ஊரில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நான் வாடகை ஒப்பந்தமும் வரிக் கணக்கும் பார்க்கிற ஆள். இப்படிக் காலியாகக் கிடந்த கடைகளில் நான் உள்ளே போய்ப் பார்த்த பலவற்றுக்கு ராசியோடு சம்பந்தமில்லை, பழைய அட்வான்ஸோடுதான் சம்பந்தம். எப்படி என்றால், ஓனர் பழைய ஆளிடம் வாங்கிய இரண்டரை மூன்று லட்சத்தை மகள் கல்யாணத்துக்கோ மாடி கட்டவோ செலவு செய்துவிட்டார். கடைக்காரர் காலி செய்கிறேன் என்கிறார், திருப்பிக் கொடுக்க ஓனரிடம் பணம் இல்லை. "அடுத்த ஆள் வரட்டும், அவர் அட்வான்ஸ் வந்ததும் தருகிறேன்" என்கிறார். கடைக்காரரும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். ஷட்டர் இறங்கியே கிடக்கிறது. நீங்கள் கொடுக்கப்போகும் 3 லட்சம் ஓனர் பீரோவுக்குப் போகாது, நேராகப் பழைய ஆள் கைக்குப் போகும். நாளைக்கு நீங்கள் காலி செய்யும்போது உங்களுக்கும் இதே வரிசைதான்: அடுத்த ஏமாளி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அதனால் முதல் வேலை, ஓனரிடம் போவதற்கு முன்னால் அந்தச் செல்போன் கடைக்காரரைத் தனியாகப் பார்ப்பது. இரண்டே கேள்வி. சாவி யாரிடம் இருக்கிறது? உங்கள் அட்வான்ஸ் வந்துவிட்டதா? சாவி இன்னும் அவரிடம் இருக்கிறது என்றால் விஷயம் புரிந்துவிடும், பேரம் பேசும் பலமும் உங்களுக்கு வந்துவிடும். எட்டு மாதம் வாடகை இல்லாமல் ஓனருக்கு 1,12,000 ரூபாய் போயிருக்கிறது, அவருக்கும் அவசரம் இருக்கிறது, காட்டிக்கொள்ளத்தான் மாட்டார்.

அடுத்தது அந்த 3 லட்சம். ஊரில் நடக்கிற இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 6,000. ஆக அந்தக் கடையின் வாடகை 14,000 இல்லை, 20,000. இன்டீரியர் ஒன்றரை லட்சத்தையும் கடனாக வாங்கினால் இன்னொரு 3,000 கூடும். இதை யாரும் வாடகையோடு சேர்த்துக் கணக்குப் போடுவதில்லை. சேர்த்துப் போடுங்கள். வாடகை 14,000, வட்டி 9,000, ஒரு பெண் பிள்ளையை வேலைக்கு வைத்தால் 9,000, கரன்ட்டுக்கு 1,500, டீ, கவர், இதர செலவு 2,500. மொத்தம் 36,000. நைட்டி, உள்பாவாடையில் நூற்றுக்கு 25 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் மாதம் 1,44,000-க்கு விற்றால்தான் கை கடிக்காது. மாதம் 26 நாள் கடை திறந்தால் தினம் 5,500 ரூபாய்க்கு மேல். 300 ரூபாய் நைட்டி என்றால் பதினெட்டு, பத்தொன்பது. வீட்டுக்கு மாதம் 15,000 எடுக்க வேண்டும் என்றால் தினம் 26 நைட்டி. ஆடியிலும் தீபாவளிக்கு முன்பும் இது போகும். பெங்களூரு பக்கம் கட்டட வேலைக்குப் போனவர்கள் பொங்கலுக்கு ஊர் திரும்பும் வாரத்திலும், குமாரசாமிப்பேட்டை தைப்பூசத் தேர் சமயத்திலும் போகும். பிப்ரவரி கடைசியில் ஒரு சாதாரண புதன்கிழமை போகுமா என்பதுதான் கேள்வி.

அதற்குப் பதில் என்னிடம் இல்லை, எதிர்த்த டீக்கடையில் இருக்கிறது. மூன்று நாள் போய் உட்காருங்கள்: ஒரு ஞாயிறு மாலை, சம்பள வாரத்தில் ஒரு நாள், மாதக் கடைசியில் ஒரு நாள். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பஸ்ஸில் இறங்கி வருகிற பெண்கள் அந்தக் கடை வாசலைத் தாண்டித்தான் கடைவீதிக்குப் போகிறார்களா, எதிர்ப் பக்கமாகப் போகிறார்களா என்று எண்ணுங்கள். பிற்பகலில் வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது கூட முக்கியம், மூன்று மணிக்கு நிழல் இருக்கிற பக்கம்தான் ஆட்கள் நடப்பார்கள். பக்கத்துக் கடைக்காரர் சாமானை வெளியே தொங்கவிட்டு உங்கள் கடையை மறைக்கிறாரா, ஒரு டூவீலரை இரண்டு நிமிடம் நிறுத்த முடிகிறதா என்பதையும் பாருங்கள். அப்புறம் ஷட்டருக்கு மேலே இருக்கும் போர்டை அண்ணாந்து பாருங்கள். சமீபத்தில் ஒருவருக்காக இப்படிப் போய் நின்றபோது செல்போன் கடை ஃப்ளெக்ஸ் ஓரத்தில் கிழிந்து அதற்குப் பின்னால் ஒரு டிராவல்ஸ் போர்டு தெரிந்தது, அதற்கும் பின்னால் ஒரு ஜூஸ் கடையின் ஆரஞ்சுப் பழம். ஒரே இரும்புச் சட்டத்தில் மூன்று கடை. அந்த இடத்துக்கு நான் வேறு எதையும் விசாரிக்கவில்லை.

சரி, ஆட்கள் நடமாட்டம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அது எத்தனை நாளைக்கு? நம் ஊர்க் கடைவீதி பஸ் நிலையத்தை நம்பி வளர்ந்தது. டவுன் பஸ்ஸும் வெளியூர் பஸ்ஸும் நடு ஊரில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதால்தான் சின்னசாமி நாயுடு தெருவிலும் ஆறுமுக ஆசாரி தெருவிலும் இவ்வளவு கூட்டம். சோகத்தூர் பக்கம் புதிய பஸ் நிலையம் என்பது ஊரே அறிந்த விஷயம். வெளியூர் பஸ் அங்கே போனாலும் டவுன் பஸ் இங்கேயே நின்றால் உங்கள் வியாபாரத்துக்குப் பெரிய அடி இல்லை, ஏனென்றால் நைட்டி வாங்குகிறவர் சேலம் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர் இல்லை. டிபன் கடை, பழக்கடை, லாட்ஜ் வைத்திருப்பவர்கள்தான் பயப்பட வேண்டும். ஆனாலும் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்: பஸ் போக்குவரத்து இடம் மாறினால் இரண்டு மாத நோட்டீஸில், எந்தப் பிடித்தமும் இல்லாமல் காலி செய்யலாம் என்று. மூன்று வருடம் வெளியேறக் கூடாது என்கிற மாதிரி எதற்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒப்பந்தம் என்றதும் ஓனர் ஒரு 11 மாத அக்ரிமென்ட்டை நீட்டுவார். இந்த 11 மாதம் எங்கிருந்து வந்தது என்றால், ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்று வந்துவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும், அதைத் தவிர்க்கத்தான். தமிழ்நாட்டில் 2017-ல் நிறைவேறி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, 11 மாதமோ 11 வருடமோ, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அரசின் இணையதளத்திலேயே பதியலாம், பதிவு எண் வரும். அதே சட்டம் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. உங்கள் கடைக்கு அது 42,000 ரூபாய்தான்! ஆனால் ஒரு பிடி இருக்கிறது, "வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்" என்று போட்டிருக்கிறார்கள். நீங்களாகவே 3 லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டால் அது செல்லும். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்ப வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. பதிவு எண் கையில் இருந்தால்தான் இதைக் காட்டிக் கேட்க முடியும்.

இன்னொன்று, இந்தச் சட்டம் நகராட்சிக் கடைக்கும் கோயில், வக்ஃபு இடத்துக்கும் பொருந்தாது. உங்களிடம் வாடகை பேசுகிறவர் நிஜமாகவே ஓனர்தானா? நகராட்சிக் கடையை ஏலத்தில் எடுத்து இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விட்டுவிட்டு ஓனர் மாதிரிப் பேசுகிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு. அங்கே நீங்கள் கொடுக்கிற அட்வான்ஸுக்கு எந்தப் பிடிமானமும் இல்லை. சொத்துவரி ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். பத்திரப் பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கம் இலவசமாகவே பார்க்கலாம், கட்டடத்தின் மேல் வங்கி அடமானம் பதிவாகியிருந்தால் அதில் தெரியும். அண்ணன் தம்பி மூன்று பேர் சொத்து என்றால் மூன்று பேரும் கையெழுத்துப் போடட்டும். ஒருவரிடம் மட்டும் எழுதி வாங்கி, ஆறாவது மாதம் மற்ற இருவரும் வந்து "எங்கள் பங்கு வாடகை எங்கே" என்று வாசலில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். மீட்டரையும் ஒரு பார்வை பாருங்கள், வணிக இணைப்பா, பாக்கி இருக்கிறதா என்று. வீட்டு இணைப்பில் கடை நடத்தினால் அபராதம் உங்கள் தலையில் விழும்.

பணத்தை வங்கி மூலம் மட்டும் கொடுங்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே தொகை அபராதம் என்று வருமானவரிச் சட்டத்தில் இருக்கிறது. ஓனர் "கேஷாகக் கொடுங்கள்" என்றால் இதை மெல்லச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வார்.

ஒன்றரை லட்சம் இன்டீரியர் வேண்டவே வேண்டாம். செல்போன் கடையின் கண்ணாடிக் கவுன்ட்டரில் நைட்டியை மடித்து வைத்து யாருக்குக் காட்டப்போகிறீர்கள்? உங்களுக்கு வேண்டியது சுவரில் கம்பி, ஹேங்கர், ஒரு மூலையில் திரை போட்ட டிரையல் ரூம், ஒரு ஆளுயரக் கண்ணாடி. லைட்டும் ஃபேனும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன், முப்பதாயிரம் தருகிறேன் என்று சொல்லுங்கள். எட்டு மாதம் பூட்டிக் கிடந்த ரேக்கைக் கழற்றினால் அவருக்கு விறகு விலைதான் கிடைக்கும்.

ஜிஎஸ்டி: தினம் 26 நைட்டி விற்றாலே வருடத்துக்கு 24, 25 லட்சம்தான் வரும். பொருள் விற்கிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் 40 லட்சம் வரை பதிவு கட்டாயம் இல்லை. நீங்களாகப் பதிவு எடுத்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: 2024 அக்டோபர் 10 முதல், ஓனருக்குப் பதிவு இல்லாமல் உங்களுக்கு மட்டும் இருந்தால், வாடகை மேல் 18 சதவீதத்தை நீங்களே கட்ட வேண்டும், அதாவது மாதம் 2,520. பிற்பாடு உள்ளீட்டு வரியாக, அதாவது விற்பனை மேல் கட்ட வேண்டிய வரியில், கழித்துக்கொள்ளலாம் என்றாலும் முதலில் கையிலிருந்து போகும். காம்போசிஷன் திட்டத்தில் (மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் திட்டம்) இருப்பவர்களுக்கு மட்டும் இதிலிருந்து பிறகு விலக்குக் கொடுத்தார்கள். ஓனரே பதிவு பெற்றவர் என்றால் அவர் வாடகையோடு 18 சதவீதம் சேர்த்துத்தான் பில் போடுவார், 14,000 என்று சொன்னது அதைச் சேர்த்தா சேர்க்காமலா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

ஓனரிடம் இப்படிப் பேசுங்கள்: வாடகை 12,000, அட்வான்ஸ் ஒரு லட்சம், பெயின்ட் அடிக்க முதல் மாதம் வாடகை இல்லை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 10 சதவீதம் ஏற்றம், ஒப்பந்தம் பதிவு செய்ய வேண்டும். அட்வான்ஸை ஒன்றரை லட்சம் வரை ஏற்றித் தரலாம், அதற்கு மேல் வேண்டாம். பதிவு மட்டும் முடியாது என்றால் எழுந்து வந்துவிடுங்கள், மற்றது எல்லாவற்றிலும் அவர் விட்டுக்கொடுத்திருந்தாலும் சரி.

போர்டு இங்கிலீஷில் வைக்கலாம், ஆனால் தமிழ் மேலே, பெரிதாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்பது விதி. அந்தப் பழைய இரும்புச் சட்டத்திலேயே மாட்டிக்கொள்ளலாம், ஆனால் முதலில் உள்ளே இருக்கிற ஃப்ளெக்ஸை எல்லாம் கழற்றிவிடுங்கள், மழைத் தண்ணீர் நின்று சட்டம் துருப்பிடித்திருக்கும்.