டிராக்டர் பின் டயர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (பொன்னேரி வாசகர்): என்னிடம் 1998 மாடல் மாஸி 1035 டிராக்டர் இருக்கிறது. பின் டயர் இரண்டும் 12.4-28. வலது பக்கம் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடு) சுத்தமாகப் போய்விட்டது, இடது பக்கம் பாதி மிச்சம். ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா? கடைக்காரர் 13.6 போடச் சொல்கிறார், இழுவை கூடும் என்கிறார். எந்தக் கம்பெனி வாங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

பதில்: ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். புது டயருக்கும் பாதி தேய்ந்த டயருக்கும் சுற்றளவு வேறு. அதனால் நேராகப் போகும்போதுகூட இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றும், அந்த வித்தியாசத்தை, இரண்டு பின் சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் கியர்கள் நாள் முழுக்கத் தாங்க வேண்டும். சேற்றில் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் லாக் போட்டு இழுத்தால் இன்னும் மோசம். இவ்வளவு வயதான வண்டியில் அந்தக் கியரைப் பிரித்து வேலை பார்க்க நேர்ந்தால், இன்று மிச்சம் பிடித்த பணம் எங்கே போனதென்றே தெரியாது. பாதி மிச்சமுள்ள டயரை அதே அளவு தேடுபவருக்கு விற்றுவிடுங்கள்.

13.6 விஷயத்துக்கு வருகிறேன். 12.4 என்பது டயரின் அகலம், 28 என்பது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலக் கணக்கு. இடையில் சின்னக் கோடு இருந்தால் நைலான் டயர், ஆர் என்ற எழுத்து இருந்தால் ரேடியல். விட்டம் ஒன்றுதான் என்பதால் 13.6 உங்கள் ரிம்மில் உட்கார்ந்துவிடும், கடைக்காரர் சொன்னது அந்த அளவில் சரி. ஆனால் ரிம்மின் அகலமும் பொருந்த வேண்டும். குறுகலான ரிம்மில் அகல டயரைப் போட்டால் நடுப்பகுதி புடைத்து, அந்த இடம் மட்டும் தரையைப் பிடித்துச் சீக்கிரம் தேய்ந்துவிடும். இந்த மாடல் இரண்டு அளவிலும் வந்திருக்கிறது, ஆகவே உங்கள் ரிம் எது என்று உள்பக்கம் விளிம்புக்கு விளிம்பு டேப் வைத்து அளந்து, டயர் கம்பெனியின் அளவுப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மட்கார்டில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள், சேறு அப்பிக்கொண்ட டயர் இன்னும் தடிமனாக இருக்கும். ரிம் ஒத்து வந்து, உங்களுக்குச் சேற்றுழவுதான் அதிகம் என்றால் 13.6 நல்லது, வண்டி அமுங்குவது குறையும். இல்லையென்றால் பழைய அளவிலேயே இருங்கள், நான் அதைத்தான் செய்வேன்.

கம்பெனி பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். எம்ஆர்எஃப், அப்போலோ, சியட், ஜேகே என்று எதை எடுத்தாலும் எங்கள் பக்கத்தில் வருடக்கணக்கில் ஓடும் டயர்கள் இருக்கின்றன. பெயரைவிட நான் முதலில் பார்ப்பது தயாரிப்புத் தேதியைத்தான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். சென்னையில் எம்ஆர்எஃப் பிறந்த திருவொற்றியூர் பக்கம்தானே, ஒரகடத்தில் அப்போலோ ஆலை இருக்கிறதே, இங்கே எல்லாம் புதுச் சரக்காகத்தான் இருக்கும் என்று நினைத்து ஏமாற வேண்டாம், டிராக்டர் டயர் எங்கிருந்தோ வந்து கடை மூலையில் இரண்டு மூன்று வருடம் கிடக்கலாம். எங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு ஜோடி வந்தது. விலை குறைத்துக் கொடுத்தார் என்ற சந்தோஷத்தில் எண்ணைப் பார்க்கவே இல்லை. இரண்டாவது கோடையிலேயே பக்கவாட்டில் முடி முடியாக வெடிப்பு விட்டது, பட்டன் அப்படியே இருக்க டயரைத் தூக்கிப் போட்டோம். இன்னும் வருத்தமாக இருக்கிறது. ஒரு வருடத்துக்குள் தயாரானதாகக் கேளுங்கள், இல்லை என்றால் அடுத்த கடை.

பில் கட்டாயம் வாங்குங்கள், அதில் இரண்டு டயரின் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும், வாரண்டி கேட்கப் போனால் அதைத்தான் முதலில் கேட்பார்கள். டிராக்டர் டயருக்கும் டியூபுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பில்லில் அதையும் பாருங்கள்.

டியூபும் புதிதாகப் போடுங்கள். பழையது நீண்டு போயிருக்கும், உள்ளே மடிப்பு விழுந்து அந்த மடிப்பிலேயே கிழியும். ரிம்மில் துரு செதில் செதிலாக இருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பெயின்ட் அடித்த பிறகே மாட்டச் சொல்லுங்கள். டயர் விளிம்பு ரிம்மில் ஏறி உட்காரவில்லை என்று காற்றை ஏற்றிக்கொண்டே போவார்கள், 35 பிஎஸ்ஐக்கு மேல் ஒருபோதும் விடாதீர்கள். காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். அந்த நேரம் யாரும் டயருக்கு எதிரே நிற்கக் கூடாது, விளிம்பு வெடித்தால் உயிரே போகும்.

கேள்வி (செங்குன்றம் வாசகர்): என் டிராக்டர் வயலில் இறங்குவதே இல்லை, செங்கல் லோடு மட்டும்தான். புதுப்பேட்டையில் பழைய டயர் வாங்கிப் போடலாமா?

பதில்: வேண்டாம். லோடு வண்டிக்கு உள்ளே இருக்கும் நைலான் அடுக்குதான் முக்கியம், அது எவ்வளவு அடிபட்டிருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. உங்களுடைய பழைய டயரின் பக்கவாட்டில் வெட்டோ புடைப்போ இல்லையென்றால் அதையே ரீட்ரேட் செய்யுங்கள் (தேய்ந்த மேல்பகுதிக்குப் புது ரப்பர் போடுவது), அதன் சரித்திரம் உங்களுக்குத் தெரியும். புதிது வாங்குவதாக இருந்தால் உயரமான பட்டன் வாங்க வேண்டாம், அது சேற்றுக்கானது, தார் ரோட்டில் வளைந்து வளைந்து சீக்கிரம் கரையும். குட்டையான, அகலமான பட்டன் கேளுங்கள்.

கேள்வி (மீஞ்சூர் வாசகர்): புது டயரில் தண்ணீர் நிரப்பச் சொல்கிறார்கள், அவசியமா?

பதில்: உழும்போது சக்கரம் சும்மா சுற்றினால் நிரப்புங்கள், எடை கூடிப் பிடிப்பு வரும், டயர் தேய்வதும் குறையும். 12.4-28 அளவு என்றால் டயர் ஒன்றுக்கு 150 லிட்டருக்கு மேல் பிடிக்கும். ஆனால் உங்கள் பகுதியில் போர் தண்ணீர் உப்பு, வால்வில் கசிந்தால் ரிம் அரித்துவிடும், நல்ல தண்ணீராகப் பார்த்து ஊற்றுங்கள். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, வால்வு மேலே வரும்படி திருப்பி, முக்கால் பங்கு வரை மட்டும் நிரப்புங்கள், மிச்ச இடம் காற்றுக்கு வேண்டும்.