ராமேஸ்வரம், கீழக்கரை பக்கத்துக் கடைகளுக்கும் லாட்ஜ்களுக்கும் ஹோஸ்டிங் (வெப்சைட்டை வைக்கும் சர்வர் இடம்) விற்கப்போகிறேன். பெரிய கம்பெனிகள் மாதம் 99 ரூபாய்க்குத் தருகிறார்கள். ஜிபி கணக்கில் மூன்று பிளான் போடலாமா? விலை எப்படி வைப்பது?

ஜிபி கணக்கில் போடாதீர்கள். இந்தத் தொழிலில் மிக மலிவான சரக்கு டிஸ்க் இடம்தான். ஒரு லாட்ஜின் வெப்சைட் படங்களோடு சேர்த்து 2 ஜிபி தாண்டுவதே அபூர்வம். 10 ஜிபி, 50 ஜிபி, அன்லிமிடெட் என்று பிரித்தால் எல்லாரும் கீழ்ப் பிளானையே எடுப்பார்கள். சர்வரைத் திணறடிக்கிறவரும் அதே விலையைத்தான் கொடுத்துக்கொண்டிருப்பார். உங்களுக்கு உண்மையில் செலவு வைப்பவை வேறு: பிராசசரும் ரேமும், மெயில், போன் எடுத்துப் பதில் சொல்லும் ஆளின் நேரம். விலை இவற்றின் மேல்தான் நிற்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் பில்லில் உள்ளதை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். மும்பை டேட்டா சென்டரில் 4 கோர், 8 ஜிபி ரேம் உள்ள ஒரு விபிஎஸ், அதாவது பெரிய சர்வரில் வாடகைக்கு எடுக்கும் தனிப் பங்கு. வாடகை, அக்கவுன்ட்களை நிர்வகிக்கும் கன்ட்ரோல் பேனல் மென்பொருளின் லைசென்ஸ், வேறு ஊரில் வைக்கும் பேக்கப் எல்லாம் சேர்த்து மாதம் 5,500 ரூபாய் என்று வையுங்கள். அதில் 60 அக்கவுன்ட் வைக்கலாம் என்றால் தலைக்கு 92 ரூபாய். ஆனால் முதல் வருடத்திலேயே 60 பேர் சேர மாட்டார்கள். 36 பேர் இருக்கும்போதும் கட்டுப்படியாகிற மாதிரி வகுத்தால் 153 ரூபாய். ஒருவருக்கு மாதம் 20 நிமிடம் சப்போர்ட் போகும். அதைப் பார்க்கும் ஆளின் 15,000 ரூபாய் மாதச் சம்பளத்தை 208 மணி நேரத்துக்கு (26 நாள், நாளுக்கு 8 மணி) வகுத்தால் மணிக்கு 72 வரும். ஆனால் அந்த நேரத்தில் பாதிதான் வேலைக்கு உதவும் என்பதால் மணிக்கு 150 என்றே எடுங்கள். 20 நிமிடத்துக்கு 50 ரூபாய். ஆக, 203. பேமென்ட் கேட்வே 2 சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் பிடிக்கும், 300 ரூபாய் பிளானுக்கு ஜிஎஸ்டி சேர்த்து வாங்கும் 354-ல் அது மாதம் சுமார் 8 ரூபாய். 300 ரூபாய்க்கு விற்றால்தான் கையில் 89 நிற்கும். 99 ரூபாய்க்கு விற்பது, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் மாதாமாதம் நீங்கள் நூறு ரூபாய்க்கு மேல் கொடுப்பதற்குச் சமம்.

பேனல் லைசென்ஸை எழுதும்போது கவனம். சிபேனல் என்ற கன்ட்ரோல் பேனல் 2019-லிருந்து அக்கவுன்ட் எண்ணிக்கையைப் பொறுத்துக் கட்டணம் வாங்குகிறது. பாதி சர்வர் காலியாக இருந்தாலும், அக்கவுன்ட் கூடும்போது செலவும் ஒரு படி ஏறும். லைசென்ஸ் டாலரில் வருவதால், டாலர் ஏறினாலும் தாங்க 10 சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி இந்தக் கடற்கரைக்கே உரிய சிக்கல். ஒரு சர்வரில் 60 பேரை வைக்க முடிவதே, எல்லாரும் ஒரே நேரத்தில் அதைக் கேட்பதில்லை என்பதால்தான். ராமேஸ்வரம் லாட்ஜ்களுக்கு இது பொருந்தாது. ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை என்றால் எல்லா லாட்ஜுக்கும் ஒரே வாரத்தில்தான் கூட்டம். 8 ஜிபி ரேமில் சிஸ்டத்துக்கும் டேட்டாபேஸுக்கும் போக சுமார் 4.5 ஜிபி மிஞ்சும். ரூம் புக்கிங் பிளகின் ஓடும் வேர்ட்பிரஸ் சைட்டில் பக்கத்தைத் தயாரித்துக் கொடுக்கும் ஒரு பிஎச்பி பிராசஸ் 80 முதல் 100 எம்பி வரை பிடிக்கும். அதாவது ஒரே சமயத்தில் 45 முதல் 55 வரைதான் ஓடும். மூன்று லாட்ஜ் சைட் தலா 20 பிடித்தாலே சர்வர் நிரம்பிவிடும். மற்ற 57 பேரும் காத்திருக்க வேண்டியதுதான். கேஷ் போட்டு, அதாவது ஒருமுறை தயாரித்த பக்கத்தையே எல்லாருக்கும் காட்டித் தப்பிக்கவும் முடியாது. முகப்புப் பக்கத்தைக் கேஷ் செய்யலாம், ‘இன்றைக்கு ரூம் இருக்கிறதா’ என்று பார்க்கும் பக்கத்தைச் செய்ய முடியாது.

எனவே லாட்ஜுக்குத் தனி பிளான் போடுங்கள், 600 ரூபாய்க்குக் குறையாமல். ஒரு சர்வரில் 10 லாட்ஜுக்கு மேல் ஏற்றாதீர்கள். மீதி இடத்தில் கீழக்கரைப் பள்ளி, மண்டபத்துக் கருவாட்டுக் கடை, முண்டு மிளகாய் வியாபாரி என்று வேறு வேறு நாளில் கூட்டம் வருகிறவர்களை வையுங்கள். கிளவுட் லினக்ஸ் என்ற சர்வர் சிஸ்டத்தைப் போட்டு, ஒவ்வொரு அக்கவுன்டுக்கும் கோர், ரேம், ஒரே நேர பிராசஸ் ஆகியவற்றுக்கு எல்லை கட்டுங்கள். பிராசஸ் எல்லையைத் தொட்டால் அந்த ஒரு சைட்டில் மட்டும் 508 பிழை வரும், மற்றவை தப்பும். விலைப் பக்கத்தில் ஜிபிக்குப் பதில் இந்த எல்லைகளை எழுதுங்கள். அமாவாசை வாரத்துக்குப் பிராசசர் கோரையும் ரேமையும் கூட்டுவதென்றால் இரண்டு நாள் முன்னதாக, நள்ளிரவுக்குப் பின் செய்யுங்கள். விபிஎஸ் ஒருமுறை ரீஸ்டார்ட் ஆகும். ஆனால் டிஸ்க்கைக் கூட்டாதீர்கள், பெரும்பாலான இடங்களில் திரும்பக் குறைக்க முடியாது. அந்த வாரச் செலவை லாட்ஜ் பிளானின் வருட விலையிலேயே அடக்குங்கள். கூட்ட நாளில் தனியாகக் கேட்டால் சண்டைதான் வரும்.

மெயிலுக்குப் பெட்டிக்கு இவ்வளவு என்று தனி விலை. ஒரே ஒரு பாஸ்வேர்டு திருடு போய் அதிலிருந்து ஸ்பேம் கிளம்பினால், சர்வரின் ஐபி முகவரி கறுப்புப் பட்டியலில் ஏறும். பிறகு 60 பேரின் மெயிலும் ஸ்பேமில் விழும். அதிலிருந்து மீள இரண்டு மூன்று நாள் போகும், அவ்வளவும் உங்கள் நேரம். மணிக்கு 100 மெயில் என்று எல்லை வைத்து, மெயில் அந்த டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டையும் முதல் நாளே போட்டுக் கொடுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இவற்றைக் கறாராகப் பார்க்கிறது.

99 ரூபாய் விளம்பரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். பெரும்பாலும் அது மூன்று நான்கு வருடப் பணத்தை முன்கூட்டியே கட்டுபவருக்கான விலை, ரினியூவலில் இரண்டு மூன்று மடங்காகும். முதல் வருடமும் ஐந்தாம் வருடமும் ஒரே விலை என்று பில்லிலேயே அச்சடியுங்கள். சிறிய ஊரில் விலை ரகசியமாக இருக்காது. ஒருவருக்கு 2,000 குறைத்தால் மறுவாரம் பக்கத்துக் கடைக்காரர் வந்து கேட்பார். 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்தே சொல்லுங்கள்: 300 ரூபாய் பிளான் வருடத்துக்கு 4,248. வெளிநாட்டு நிறுவனத்திடம் சர்வர் எடுத்தால் ஆர்சிஎம் வரி (விற்பவருக்குப் பதில் வாங்குபவரே கட்டும் ஜிஎஸ்டி) பற்றி ஆடிட்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பணம் கட்டும் கெடு நாளும் விலையோடு சேர்ந்ததே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். ஐஸ் கம்பெனி, போட் சாமான் கடை, நண்டு வியாபாரி போன்றவர்களிடம் அப்போது பணப் புழக்கம் குறைந்திருக்கும். மே மாதம் சேர்கிறவருக்கு முதல் பில்லை 14 மாதத்துக்குப் போட்டு, அடுத்த கெடுவை ஜூலைக்குத் தள்ளுங்கள். டொமைனை மட்டும் ஹோஸ்டிங் பாக்கியோடு கட்டிவைக்காதீர்கள். வாடிக்கையாளர் பெயரிலேயே பதிந்து, பில்லில் தனி வரியாகக் காட்டி, கெடுவுக்கு 45 நாள் முன்பே வாட்ஸப்பில் சொல்லுங்கள். டாட் காம் பெயர் காலாவதியாகி ரிடெம்ப்ஷனில் (கூடுதல் கட்டணம் கட்டி மீட்கும் கட்டத்தில்) விழுந்துவிட்டால் 30 நாள் அவகாசம் இருக்கும். ஆனால் மீட்கும் கட்டணம் வருட விலையைப்போலப் பல மடங்கு, அதை அவர் உங்களிடம்தான் கேட்பார்.