சாப்பாட்டு பில்லில் விமான மைல்கள்

கேள்வி: நாங்கள் வாரம் ஒரு முறையாவது குடும்பத்தோடு வெளியில் சாப்பிடுகிறோம். சில உணவகங்களில் சாப்பிட்டாலே, பின்னர் விமானச் சீட்டு வாங்க உதவும் விமான மைல்கள் சேரும் என்று அலுவலகத் தோழி சொல்கிறார். கிரெடிட் கார்டு எண்ணைப் பதிவு செய்ய வேண்டுமாம். நம்பிச் சேரலாமா? அதைக் கொண்டு சென்னைக்குப் போய்வர முடியுமா?
- வாசகி, எடிசன், நியூஜெர்சி

பதில்: தாராளமாகச் சேரலாம், கட்டணம் கிடையாது. அமெரிக்கன், யுனைடெட், டெல்டா ஆகிய விமான நிறுவனங்கள் தத்தம் பெயரில் நடத்தும் உணவகத் திட்டங்களைப் பின்னாலிருந்து இயக்குவது சிகாகோவில் உள்ள ரிவார்ட்ஸ் நெட்வொர்க் என்ற ஒரே நிறுவனம்தான். தன் வழியாக வரும் வாடிக்கையாளர்களின் பில் தொகையில் ஒரு பங்கை அது உணவகத்திடமிருந்து பெற்றுக்கொள்கிறது. உங்களுக்குக் கிடைக்கும் மைல்களின் செலவும் அதிலேயே அடங்கிவிடுவதால், உங்கள் பில் ஒரு சென்ட்கூட உயர்வதில்லை. கூப்பன் காட்டவோ சிப்பந்தியிடம் சொல்லவோ தேவையில்லை, பதிவு செய்த கார்டைக் கொடுத்தால் போதும்.

இனி கணக்கைப் பார்ப்போம். திட்டத்துக்கும் உறுப்பினர் படிநிலைக்கும் ஏற்ப டாலருக்கு 5 மைல் வரை கிடைக்கும். 50 டாலருக்குச் சாப்பிடுகிறீர்கள். நியூஜெர்சி விற்பனை வரி 6.625 சதவீதம், அதாவது 3.31 டாலர், டிப்ஸ் 10 டாலர். ஆக 63.31 டாலர். பொதுவாக வரிக்கும் டிப்ஸுக்கும் சேர்த்தே மைல் தருகிறார்கள் என்பதால், டாலருக்கு 3 மைல் வீதம் ஏறக்குறைய 190 மைல் வரும். வாரந்தவறாமல் இப்படிச் சாப்பிட்டாலும் ஆண்டுக்குப் பத்தாயிரம் மைலைத் தொடாது. சென்னைக்கு ஒருவர் போய்வர 80,000 மைல் கேட்டால், இந்தச் சாப்பாட்டை மட்டும் நம்பி எட்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். அதனால்தான் உணவகச் செலவுக்குக் கூடுதல் புள்ளி தரும் கார்டையே இங்கே பதிவு செய்யச் சொல்கிறேன். சேஸ் சஃபையர் பிரிஃபர்டு போன்ற கார்டு டாலருக்கு 3 புள்ளி தருவதால், அதே இரவு உணவுக்கு மைல் ஒரு பக்கமும் புள்ளி மறுபக்கமுமாக இரண்டும் சேரும்.

என் கணிப்பில் இத்திட்டத்தின் பெரிய பயன் வேறொன்று. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கணக்கில் 24 மாதங்கள் வரவோ செலவோ இல்லாவிட்டால் மைல்கள் காலாவதியாகிவிடும். ஒரே ஒரு சாப்பாட்டு பில் அந்தக் கெடுவை மீண்டும் தொடக்கத்திலிருந்து எண்ண வைக்கும். ஊருக்கு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை போகும் குடும்பங்களுக்கு இது சேமிப்பைக் காக்கும் வழி.

ஒரு கார்டை ஒரே நேரத்தில் இவற்றுள் ஒரு திட்டத்தில் மட்டுமே பதிவு செய்ய முடியும். கார்டு தொலைந்து புது எண் வந்தால் அதையும் உடனே பதிவு செய்துவிடுங்கள். நான் அதை மறந்து, ஐந்து மாதச் சாப்பாட்டுக்கு ஒரு மைல்கூட வராமல் போனது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: கார்டு பாக்கியை மாதாமாதம் முழுவதும் கட்ட இயலாதவர்கள் இதில் இறங்கவே கூடாது. 20 சதவீதத்துக்கும் மேல் போகும் வட்டிக்கு முன்னால், ஏறத்தாழ இரண்டு டாலர் மதிப்புள்ள 190 மைல் எம்மாத்திரம்?

கேள்வி: உணவகங்களுக்கு மூன்று மடங்கு புள்ளி தரும் கார்டு வைத்திருக்கிறேன். திருமண நாளன்று நட்சத்திர ஓட்டலின் உணவகத்தில் சாப்பிட்டும் அந்த மூன்று மடங்கு வரவில்லை. ஏன்?
- வாசகர், ஹூஸ்டன்

பதில்: நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்பது கார்டு நிறுவனத்துக்குத் தெரியாது, பணம் பெற்ற கடையின் வகைக் குறியீட்டை மட்டுமே அது பார்க்கிறது. உணவகத்துக்கு 5812, துரித உணவுக் கடைக்கு 5814 என்று குறியீடுகள் உண்டு. ஓட்டலுக்குள் இருக்கும் உணவகத்தின் வரவு ஓட்டலின் குறியீட்டிலேயே பதிவாகியிருந்தால், அது தங்கும் செலவாகவே கொள்ளப்படும். நம் இந்திய மளிகைக் கடைகளுக்குள் இருக்கும் தோசைக் கவுண்டரிலும் இதே சிக்கல் வரலாம், அங்கே பில் மளிகைக் கணக்கில் விழுந்துவிடும். பெரிய விருந்துக்கு முன் ஒரு நாள் அங்கே காபி மட்டும் குடித்து, கார்டு கணக்கில் அது எந்த வகையில் பதிவாகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.