நிறை கூடிய வாரத்தில் குழுவை விட்டு விலகலாமா?

கேள்வி: எனக்கு வயது 41, உயரம் 158 செ.மீ. பாடசாலையில் படிப்பிக்கிறேன். மூன்று வருடமாக நீரிழிவு இருக்கிறது. மெற்போமினும் கிளிக்கிளசைட்டும் எடுக்கிறேன். என்னோடு படித்த ஒருத்தி தொடங்கிய வட்ஸ்அப் குழுவில் சேர்ந்து நிறை குறைத்து வருகிறேன். குழுவில் சிலர் இங்கே, சிலர் ரொறன்ரோவில், சிலர் லண்டனில். பலரை நேரில் கண்டதேயில்லை. ஆனாலும் விடிந்ததும் “நடந்தாச்சா?” என்று முதலில் கேட்பது அவர்கள்தான். திங்கட்கிழமைகளில் எல்லோரும் தராசில் ஏறிப் படம் எடுத்துப் போடுவோம். நாலு மாதத்தில் 78 கிலோவிலிருந்து 73க்கு வந்தேன். பிறகு ஒரு மாதமாக முள் அசையவில்லை. போன ஞாயிறு ஒரு சாமத்தியவீட்டுக்குப் போய்விட்டு வந்து மறுநாள் ஏறினால் 74.2. வெட்கமாகிவிட்டது. படம் போடவில்லை, குழுவைத் திறக்கவும் மனம் வரவில்லை. “எங்கை, ஆளைக் காணேல்லை?” என்று தனியே எழுதிக் கேட்கிறார்கள். “முகம் தெரியாத ஆக்களோடை போனிலை கதைச்சு உடம்பு குறையுமோ?” என்கிறார் கணவர். குழுவில் ஒருவர் இரவுச் சாப்பாட்டை அடியோடு விடச் சொல்கிறார். விலகிவிடட்டுமா, டொக்டர்?
– வாசகி, கோண்டாவில்

பதில்: விலக வேண்டாம், சகோதரி. இரவுச் சாப்பாட்டையும் விட வேண்டாம். அவசரமானது அந்த இரண்டாவது விஷயம்தான், அதை முதலில் சொல்கிறேன்.

கிளிக்கிளசைட் உங்கள் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும் குளிசை. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். அதைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு படுத்தால் நடுச்சாமத்தில் இரத்தச் சீனி இறங்கிவிடக்கூடும். கை நடுங்கி, குளிர வியர்த்து, நெஞ்சு படபடத்து, பேச்சுத் தடுமாறினால் அதுதான். சீனி பார்க்கும் மெசின் வீட்டில் இருந்தால் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் தாமதிக்காமல் மூன்று நாலு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். மெசின் இல்லாவிட்டாலும் குடியுங்கள். 15 நிமிடத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு தடவை. தெளிந்த பிறகு இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். இன்னொன்றும் உண்டு: 78 கிலோவாக இருந்தபோது எழுதித் தந்த அளவு இப்போது உங்களுக்குக் கூடுதலாக இருக்கலாம். அடுத்த கிளினிக் தேதி வரை காத்திராமல் உங்கள் வைத்தியரிடம் போய் 5 கிலோ குறைந்ததைச் சொல்லுங்கள். நீங்களாகக் குளிசையை நிறுத்திவிடவும் கூடாது.

சாப்பாட்டை விடச் சொன்னவர் உங்கள் நன்மைக்காகத்தான் சொல்லியிருப்பார். தனக்கு ஒத்துவந்ததைச் சொல்லியிருப்பார். அவர் நீரிழிவுக் குளிசை எடுக்காதவராக இருக்கக்கூடும். குழுவில் எல்லாம் கதையுங்கள். மருந்தின் அளவையும் எந்த நேரச் சாப்பாட்டை விடுவது என்பதையும் மட்டும் அங்கே முடிவெடுக்காதீர்கள். “மெலிவுக்கு” என்று விற்கிற தேயிலையும் தூளும் யாராவது சொன்னால் அவற்றையும் தொடாதீர்கள். அப்படிப்பட்ட பொருட்கள் சிலவற்றில், இதயத்துக்குக் கேடு என்று 2010இல் பல நாடுகளில் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட சிபூட்ரமின் என்ற மருந்து ஒளித்துக் கலந்திருந்தது பிடிபட்டிருக்கிறது.

சரி, அந்த 1.2 கிலோவுக்கு வருவோம். ஒரு கிலோ கொழுப்புச் சேர ஏறக்குறைய 7,700 கலோரி மேலதிகமாக உள்ளே போகவேண்டும். உங்கள் கணக்குக்கு 9,000க்கும் மேல். சாமத்தியவீட்டில் சோறும் வடையும் பாயாசமும் சாப்பிட்டு, வரும்போது தந்த பலகாரப் பையையும் முடித்திருந்தாலும் ஒரு நாளில் அவ்வளவு சேராது. சேர்ந்தது பெரும்பாலும் தண்ணீர். உப்பும் மாச்சத்தும் கூடினால் உடம்பு நீரைப் பிடித்து வைக்கும். மாதவிடாய்க்கு முந்திய நாட்களிலும் அப்படித்தான். வழமைச் சாப்பாட்டுக்குத் திரும்பிய சில நாட்களில் அது இறங்கிவிடும். விருந்துக்கு அடுத்த நாள் தராசில் ஏறாதீர்கள்.

ஒரு மாதமாக முள் அசையாததும் உங்கள் குற்றமில்லை. நிறை குறையக் குறைய உடம்புக்குத் தேவையான சக்தியும் குறைகிறது. முதலில் நிறையை இறக்கிய அதே சாப்பாடும் அதே நடையும் இப்போது நிறையை அப்படியே வைத்திருக்கத்தான் போதும். இதற்கு நடையைக் கொஞ்சம் கூட்டலாம், கிழமைக்கு இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்கிற பயிற்சி செய்யலாம், பிட்டின் அளவைப் பார்க்கலாம். நீத்துப்பெட்டியிலிருந்து நேரே தட்டில் கொட்டாமல் ஒரு கோப்பையில் அளந்து போட்டு, மீதி இடத்துக்கு முருங்கையிலை வறையும் மீனும் வையுங்கள். உயரத்தோடு நிறையை ஒப்பிடும் உங்கள் உடற்திணிவுச் சுட்டி (பிஎம்ஐ) 31இலிருந்து 29க்கு வந்திருக்கிறது. எங்கள் தெற்காசிய உடம்புக்கு 23க்கு மேலேயே கவனம் வேண்டும், 27.5ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம். ஆகவே இன்னும் போக வேண்டும். ஆனால் நீங்கள் இறக்கியது உங்கள் நிறையில் 6 சதவீதத்துக்கு மேல். 5 சதவீதம் குறைந்தாலே சீனியும் பிரஷரும் கொழுப்பும் திருந்தத் தொடங்கும். இது சின்ன விஷயமில்லை.

இனி உங்கள் கணவரின் கேள்வி. அது நியாயமான கேள்வி, அதற்கு ஆராய்ச்சியிலேயே பதில் இருக்கிறது. 1999இல் அமெரிக்காவில் ரீனா விங், ரொபர்ட் ஜெஃப்ரி என்ற இருவர், நிறை குறைக்க வந்தவர்களில் சிலரைத் தனியாகவும் சிலரை மூன்று சிநேகிதர்கள் அல்லது உறவினர்களோடும் சேர்த்தார்கள். தனியாக வந்து வழமையான பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 76 சதவீதம் பேர் பயிற்சியை முடித்தார்கள். சிநேகிதரோடு வந்து, ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளவும் பழக்கப்பட்டவர்களில் 95 சதவீதம். குறைத்த நிறையைப் பத்தாவது மாதம்வரை முழுதாகக் காப்பாற்றியவர்கள் முதல் கூட்டத்தில் 24 சதவீதம், இரண்டாவதில் 66 சதவீதம். நிறையைக் குறைப்பதைவிடக் குறைத்ததைக் காப்பாற்றுவதுதான் கடினம் என்பதைத் தினமும் பார்க்கிற எனக்கு அந்த 66 பெரிய எண்.

அவர்கள் நேரில் கூடியவர்கள்தானே என்று அவர் கேட்கலாம். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் தொடங்கிய ஆய்வில் 12,000க்கு மேற்பட்டவர்களை 32 வருடம் பின்தொடர்ந்த தரவுகளை வைத்து 2007இல் ஒரு கட்டுரை வந்தது. ஒருவருடைய சிநேகிதர் பருமனானால் அவரும் பருமனாகும் வாய்ப்பு 57 சதவீதம் கூடியிருந்தது. அடுத்த வீட்டுக்காரர் பருமனானதால் அப்படி ஒன்றும் ஆகவில்லை. சிநேகிதர் தூரத்து ஊரில் இருந்தாலும் பருமனில் இருந்த அந்தத் தொடர்பு குறையவில்லை. ஒன்றால்தான் மற்றது வந்தது என்று இதைவைத்து அடித்துச் சொல்லமுடியாது. ஆனால் எட்ட இருக்கும் சிநேகிதி உங்கள் தட்டுவரை வரமுடியும் என்று நான் நம்புகிறேன்.

எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு தேவையும் இருக்கிறது. கொஞ்சம் மெலிந்தால் போதும், “என்ன பிள்ளை, வாடிப்போனாய், ஏதும் வருத்தமோ?” என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கும். விருந்தில் கையால் மறித்தாலும் “இன்னும் கொஞ்சம் போடட்டே?” என்று கரண்டி வரும். எல்லாம் அன்பில்தான். ஆனால் அந்த அன்புக்கு நடுவில் நின்று “போதும்” என்று சொல்ல, அதே பாட்டைப் படுகிற இன்னொருத்தி பக்கத்தில் இருந்தால் பெரிய பலம்.

என்னிடம் வரும் ஒரு பெண் போனை நீட்டி ஒரு செய்தியைக் காட்டினார். காலை ஐந்தரைக்கு வந்தது: “நான் சப்பாத்துப் போட்டிட்டன். நீ?” அவ்வளவுதான். அனுப்பியவர் ரொறன்ரோவில் இருக்கிறார். கோடையில் இங்கே காலை 5.30 என்றால் அங்கே முதல்நாள் இரவு 8 மணி. அவர் இரவுச் சாப்பாடு முடித்து நடக்க இறங்குகிற நேரம் இவருக்கு விடிகிற நேரம். இருவரும் போனில் கதைத்தபடி அரை மணித்தியாலம் நடக்கிறார்கள். அந்தச் செய்தியில் கிலோவே இல்லை என்பதைக் கவனியுங்கள். சப்பாத்து உங்கள் கையில் இருக்கிறது, முள் உங்கள் கையில் இல்லை.

ஆகவே குழுவில் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். திங்கட்கிழமைத் தராசுப் படத்தை விரும்பியவர் மட்டும் போடட்டும். அதற்குப் பதிலாக அந்தக் கிழமை செய்த ஒன்றை எல்லோரும் எழுதுங்கள்: எத்தனை நாள் நடந்தேன், தேத்தண்ணியில் சீனியை விட்டேன், விருந்தில் இரண்டாம் தரம் போடவில்லை, அல்லது போட்டுச் சாப்பிட்டுவிட்டேன். யாருக்காவது நிறை கூடினால் “கட்டுப்படுத்தேல்லையோ?” என்று கேட்கவேண்டாம். “நாளைக்குக் காலமை எத்தனை மணிக்கு, நானும் வாறன்” என்று எழுதுங்கள். குறைந்தவருக்குக் கைதட்டுவது எளிது, கூடியவர் பேசாமல் போய்விடுவார். குழுக்கள் கலைவது பெரும்பாலும் அப்படித்தான். நீங்கள் இப்போது நிற்பதும் அந்த இடத்தில்தான். உங்களைத் தனியே எழுதிக் கேட்டவர்கள் தராசுப் படத்தைத் தேடவில்லை, உங்களைத் தேடுகிறார்கள். 74.2 என்றே அவர்களுக்கு எழுதுங்கள். அதே வெட்கத்தோடு அங்கே பேசாமலிருக்கும் இன்னும் ஒருவராவது உங்களைப் பார்த்து எழுதுவார் என்று நினைக்கிறேன்.

கணவரை வாதத்தால் வெல்லப் பார்க்கவேண்டாம். ஒரு பின்னேரம் பண்ணைப் பக்கம் நடக்கக் கூட்டிச் செல்லுங்கள். வைத்தியரிடம் போகும்போதும் கூட்டிச் செல்லுங்கள். நீங்கள் இரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள். அவருக்குச் சீனியும் பிரஷரும் பார்த்து, இடுப்பையும் அளக்கச் சொல்லுங்கள். பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. என்பது எங்களுக்கான எல்லை. அரச வைத்தியசாலையில் சீனியும் பிரஷரும் பார்க்கப் பணம் தேவையில்லை.