கோலத்தைக் கடைசியாகப் பாருங்கள்

கேள்வி: குளத்தில் விடுவதற்குக் கோய் என்னும் அலங்காரக் கெண்டை மீன் பார்க்கப் போயிருந்தேன். 15 செ.மீ. நீளமுள்ள ஒரு குஞ்சின் சிவப்புக் கோலம் அப்படியே மனத்தை அள்ளிவிட்டது. விற்பவரோ விளிம்பு கலங்கித் தெரியும் வேறொரு மீனைக் காட்டி, ‘இதுதான் தரமானது’ என்கிறார். எதை வாங்குவது?

பதில்: அவர் சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். கோஹாக்கு வகையில், அதாவது வெள்ளை உடலில் சிவப்புத் திட்டுள்ள கோய் மீனில், நன்றாக வளரக்கூடிய குஞ்சு பலநேரம் அப்படித்தான் இருக்கும். திட்டின் முன்விளிம்பில் வெள்ளைச் செதில்கள் சிவப்பின்மேல் படிந்திருப்பதால் அங்கே இளஞ்சிவப்பாய் ஒரு நிழல் தெரியும். மீன் வளர வளர அது குறுகும். பின்விளிம்பு மட்டும் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வயதிலேயே எல்லா விளிம்பும் வெட்டியெடுத்ததுபோல் இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். முக்கால்வாசி அது நிறம் சீக்கிரமே முற்றிய ஆண் மீனாக இருக்கும். உடல் நீளும்போது மெல்லிய சிவப்பு வெளிறி, திட்டுத்திட்டாய் உடைந்தும் போகலாம்.

ஆனால் நிறத்துக்கு முன்னால் உடல் இருக்கிறது. இரண்டு மீன்களையும் ஒரே நீலத் தொட்டியில் விடச் சொல்லி, மேலிருந்து பாருங்கள். கோய் மேலிருந்து பார்ப்பதற்கென்றே வளர்க்கப்பட்ட மீன். கண்ணாடித் தொட்டியின் பக்கவாட்டில் தெரியும் அழகு குளத்தில் உதவாது. தோள் அகன்று, உடல் சீராக ஒடுங்கி, வால் தொடங்கும் இடம் தடிப்பாக இருக்க வேண்டும். வயிறு மட்டும் உப்பி, வாலடி சூம்பியிருந்தால் வேண்டாம். நீந்தும்போது முதுகுக்கோடு நேராகப் போகிறதா, ஒரு பக்கமாக இழுக்கிறதா என்று இரண்டு நிமிடமாவது கவனியுங்கள்.

அடுத்தது தோல். வெள்ளை பால்போல் இருக்க வேண்டும். குஞ்சின் தலையில் இலேசான மஞ்சள் இருந்தால் பரவாயில்லை, உடலெங்கும் பரவியிருந்தால் தவிர்க்கலாம். சிவப்பு, வெள்ளையோடு கருப்பும் சேர்ந்த சாங்கே, ஷோவா வகைகளில் கருப்பு மெதுவாகத்தான் மேலெழும். தோலுக்கடியில் நீலச்சாம்பலாய்த் தெரிவது அழுக்கல்ல.

இதற்கெல்லாம் பிறகுதான் கோலம். போட்டி நடுவர்கள் சிவப்பு கண்ணை மூடக்கூடாது, வாலுக்கு முன் கொஞ்சம் வெள்ளை வேண்டும் என்றெல்லாம் பார்ப்பார்கள். நீங்கள் போட்டிக்குப் போகவில்லையே! என் குளத்தில் ஒரு கண்ணை மட்டும் மறைக்கும் சிவப்புடன் ஒரு மீன் இருக்கிறது. எந்த நடுவரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார். நான் தீனி போடப் போனால் முதலில் தேடுவது அதைத்தான். கோலத்தில் இப்படி விட்டுக்கொடுக்கலாம். கோணல் முதுகு, சூம்பிய வாலடி போன்ற உடற்குறைகளை மட்டும் மன்னிக்காதீர்கள், அவை மீனோடு சேர்ந்து வளரும்.

ஆகவே, உங்கள் மனத்தை அள்ளிய மீனின் உடலும் தோலும் தேறினால், கோலம் பிற்பாடு மாறக்கூடும் என்று தெரிந்தே அதை வாங்குங்கள். தேறாவிட்டால் விற்பவர் காட்டியதே மேல். துடுப்பை ஒடுக்கிக்கொண்டு ஓரமாய் ஒதுங்கி நிற்கும் மீன் என்றால் இரண்டுமே வேண்டாம். எதை வாங்கினாலும் மூன்று, நான்கு வாரம் தனித்தொட்டியில் வைத்த பிறகே குளத்தில் விடுங்கள். கோய் மீன்களைக் கொல்லக்கூடிய கோய் ஹெர்ப்பிஸ் வைரஸ் பார்வைக்கு நலமாக இருக்கும் மீனோடும் வந்து சேரும்.