போர்க் காயம்: இத்தனை ஆண்டு கழித்தும் கேட்கலாமா?

படைவீரர் பக்கம் – வாசகர் கேள்வி, பதில்

கே: 1971 டிசம்பரில் பசந்தர் ஆற்றுப் பக்கம் நடந்த சண்டையில் ஷெல் வெடித்து வலது தொடையில் சில்லுகள் பாய்ந்தன. எம்.எச்.சில் (ராணுவ ஆஸ்பத்திரி) ஏழு வாரம் கிடந்துவிட்டு பட்டாலியனுக்கே திரும்பினேன். 1984-இல் சர்வீஸ் முடித்துப் பென்ஷனோடு வந்தேன். இரண்டு சில்லு இன்னும் உள்ளே இருக்கிறது. காயத்துக்கென்று ஒரு ரூபாயும் வரவில்லை, மெடலும் இல்லை. கேட்காமல் விட்டது என் தப்புதான். இப்போது கேட்டால் எடுபடுமா?
– முன்னாள் நாயக், கன்னியாகுமரி மாவட்டம்

ப: உங்கள் தப்பு இல்லை ஐயா. சண்டையில் காயம்பட்டவர் பெயரில் 'பேட்டில் கேஷுவாலிட்டி' (எதிரித் தாக்குதலில் பாதிக்கப்பட்டவர்) என்று பார்ட் டூ ஆர்டர், அதாவது வீரரின் விவரம் பதியும் உத்தரவு, போட வேண்டியது யூனிட். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த சிப்பாய் அதைச் சரிபார்த்திருக்க வழியே இல்லை.

நீங்கள் கேட்பது இரண்டு தனித்தனி விஷயங்கள். ஒன்று பதக்கம், இன்னொன்று பென்ஷன். இரண்டையும் ஒரே மனுவில் எழுதுவதுதான் பலர் செய்யும் முதல் பிழை. ரெக்கார்டு ஆபீஸில் (ரெஜிமென்டின் ஆவண அலுவலகம்) மெடல் பிரிவு வேறு, பென்ஷன் பிரிவு வேறு. ஒரே தாள் ஒரு மேசையில் தங்கிவிடும், மற்ற மேசைக்குப் போகவே போகாது. இரண்டு மனுவாக, இரண்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.

காயப் பதக்கத்துக்கு, அதாவது பராக்ரம் பதக்குக்கு, ஊனம் எத்தனை சதவீதம் என்ற கேள்வியே கிடையாது. எதிரியின் நேரடித் தாக்குதலில் பட்ட காயம் என்று நிரூபணமானால் போதும். காயம் ஆறி முழு ஆரோக்கியத்தோடு வெளியே வந்தவரும் கேட்கலாம். பணம் வராது. ஆனால் அன்றைக்கு நீங்கள் அங்கே ரத்தம் சிந்தினீர்கள் என்று அரசு ஒப்புக்கொள்ளும் அடையாளம் அது. கூச்சப்படாமல் கேளுங்கள்.

பென்ஷன் கதை வேறு. உங்கள் டிஸ்சார்ஜ் புக்கை எடுத்து, வெளியேறும்போது மருத்துவ வகை என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'சீ, பெர்மனென்ட்' போலக் குறைந்த வகை எழுதியிருந்தால், ரிலீஸ் மெடிக்கல் போர்டு (வெளியேறும்போது நடக்கும் மருத்துவக் குழுப் பரிசோதனை) நடந்திருக்கும். அதன் படிவம் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16. அதில் காயத்தின் பெயர், சதவீதம், சேவையால் வந்ததா இல்லையா என்ற மூன்றும் இருக்கும். 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் உங்கள் கோரிக்கைக்குக் கால் ஊன்ற இடம் கிடைத்துவிட்டது. 'ஏய்' (முழு உடல்தகுதி) என்று எழுதியிருந்தால் கடினம், அதை மறைக்க விரும்பவில்லை. ஊனம் இல்லாமல் வெளியேறியவர் என்பதே அலுவலகத்தின் பதிலாக இருக்கும். அப்போதும் இப்போதைய எக்ஸ்ரே, அரசு மருத்துவரின் சான்று இரண்டையும் இணைத்து மெடிக்கல் போர்டு கேட்டு எழுதலாம். ஆனால் பதக்க மனுவை அதற்காகக் காத்திருக்க வைக்காதீர்கள்.

முதல் வேலை காகிதம் சேர்ப்பது. உங்கள் ரெஜிமென்டின் ரெக்கார்டு ஆபீஸுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் சேப்பர்ஸுக்குப் பெங்களூரு. கட்டணம் 10 ரூபாய், தபால் ஆணையாக எடுத்தால் வேலை சுலபம். 'என் காயம் பற்றிய எல்லா விவரமும் தருக' என்று எழுதினால் இரண்டு வரி பதில் வரும். ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள்: ஷீட் ரோல் (உங்கள் சர்வீஸ் பதிவுத் தாள்), காயம் பற்றிய பார்ட் டூ ஆர்டர், ஐ.ஏ.எஃப்.ஒய்.-2006 காய அறிக்கை, மெடிக்கல் போர்டு படிவங்கள், லாங் ரோல் பதிவேட்டில் உங்கள் பதிவு. ஆர்மி நம்பர், சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, காயம்பட்ட தேதி, இடம், சேர்த்த ஆஸ்பத்திரி ஆகியவை மனுவின் தலைப்பிலேயே இருக்கட்டும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

ஒரு எச்சரிக்கை. எக்ஸ்ரேயில் சில்லு பளீரென்ற வெள்ளைத் துணுக்காகத் தெரியும், மருத்துவர் சான்றுக்கு அதுவே போதும். ஸ்கேன் என்று யாராவது எழுதிக் கொடுத்தால், உடம்பில் இரும்பு இருக்கிறது என்று சொல்லாமல் எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகாதீர்கள். காந்தம் சில்லை உள்ளேயே நகர்த்திவிடக்கூடும்.

கே: ஆவணங்களைக் கேட்டேன். 'வைத்திருக்கும் காலம் முடிந்ததால் அழிக்கப்பட்டன' என்று பதில். இதோடு முடிந்ததா?
– முன்னாள் சிப்பாய், வேலூர்

ப: இல்லை. பென்ஷன் இல்லாமல் வெளியேறியவர்களின் சர்வீஸ் ஆவணங்களை 25 ஆண்டுக்குப் பின் அழிக்கலாம் என்பது ராணுவ ஒழுங்குவிதி. லாங் ரோல் என்ற பெரிய பதிவேடு அதில் சேராது, அது நிலைத்திருக்கும். ஆகவே 'அழித்த ஆவணங்கள் எவை, எந்தத் தேதியில், யார் உத்தரவில், அழித்ததற்கான பதிவின் நகல், லாங் ரோல் நகல்' என்று இரண்டாவது மனு போடுங்கள். நீங்கள் பென்ஷன்தாரராக இருந்தால் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள், 25 ஆண்டுக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

வீட்டிலும் தேடுங்கள். டிஸ்சார்ஜ் புக்கின் பின்பக்கங்களில் 'காயங்கள்' என்ற பத்தி, பதக்கப் பத்தியில் பூர்வி ஸ்டார் (கிழக்கு முனை) அல்லது பஸ்சிமி ஸ்டார் (மேற்கு முனை; 1971-இல் எந்த முனையில் இருந்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி), ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு எழுதிய இன்லண்ட் கடிதம், யூனிட் அனுப்பிய தந்தி. மனைவியின் டிரங்குப் பெட்டி அடியில் இருக்கும் தந்தியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தேதி முத்திரையோடு இருந்தால் அது வலுவான துணைச் சான்று. கூடவே, அதே கம்பெனியில் இருந்த இருவரிடம் நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் வாங்குங்கள். 'இவர் நல்லவர், வீரர்' என்று எழுதினால் பயனில்லை. எந்த நாள், எந்த இடம், எந்த உறுப்பில் காயம், யார் தூக்கி வந்தார்கள் என்று இருக்க வேண்டும்.

கே: அமைதிப்படையில் யாழ்ப்பாணம் போனேன். 1987-இல் கண்ணிவெடியில் இடது பாதம் சிதைந்தது. சர்வீஸில் தொடர்ந்து 1998-இல் ஹவில்தாராக வந்தேன். 20 சதவீத ஊன பென்ஷன் வருகிறது. 'வார் இஞ்சுரி' (போர்க் காயம்) பென்ஷன் வேறு என்கிறார்களே, உண்மையா?
– திருநெல்வேலி வாசகர்

ப: உண்மை, வித்தியாசமும் பெரிது. போர்டு தாளில் 'சேவையால் ஏற்பட்டது' என்ற சொல்லைப் பார்த்ததும் எல்லாம் கிடைத்துவிட்டதாக நினைத்துப் பலர் நின்றுவிடுகிறார்கள். பணியில் வண்டி கவிழ்ந்தாலும் அதே சொல்தான் வரும்.

2001 ஜனவரி 31 தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சக ஆணை, காயங்களை ஏ முதல் இ வரை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. பணியிடை விபத்து 'சி'. எதிரி நடவடிக்கை, வெளிநாட்டு அமைதிப்படைப் பணி, போர் போன்ற சூழலில் கண்ணிவெடி இவையெல்லாம் 'இ'. 1996 ஜனவரி 1-க்குப் பின் வெளியேறியவர் நீங்கள், ஆகவே இந்த ஆணை உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும்.

கணக்கைப் பாருங்கள். அந்த ஆணைப்படி, 100 சதவீத ஊனத்துக்குச் சாதாரண ஊனப் பகுதி, ஹவில்தார் வரையிலான வீரருக்கு மாதம் 1,550 ரூபாய். 20 சதவீதத்துக்கு 310. போர்க் காயப் பகுதியோ, சர்வீஸ் முடித்து வந்தவருக்கு 3,100 ரூபாய். காயத்தாலேயே வெளியேற்றப்பட்டிருந்தால் முழுச் சம்பளமே அடிப்படை. இதோடு சதவீதத்தை உயர்த்திக் கணக்கிடும் முறையும் சேரும்: 50-க்குக் கீழே இருந்தால் 50, 50 முதல் 75 வரை 75, அதற்கு மேல் 100. சர்வீஸ் முடித்து வந்தவருக்கும் இது உண்டு என்று 2014 டிசம்பர் 10-இல் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக உங்கள் 20 என்பது 50 ஆகிறது, 3,100-இல் பாதி 1,550. முந்நூற்றுப் பத்து எங்கே, ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பது எங்கே! அந்த அடிப்படைதான் 2006, 2016 சம்பளக் கமிஷன்களில் பெருகி, அகவிலைப்படியும் சேர்ந்து வருகிறது.

தடுக்கும் இடம் ஒன்றுதான். பார்ட் டூ ஆர்டரில் 'பேட்டில்' என்றிருக்கிறதா, 'பிசிகல் கேஷுவாலிட்டி' (போர் சாராத பாதிப்பு) என்றிருக்கிறதா? காயம்பட்டவரைக் களத்திலிருந்து அவசரமாகக் கொண்டுபோகும்போது போன முதல் செய்தியில் வெறும் 'காயம்' என்று போய், பிறகு யாரும் திருத்தாமல் விட்டால் இரண்டாவது சொல் நிலைத்துவிடும். அப்படியானால் முதலில் அந்த வகைப்பாட்டைத் திருத்தக் கேட்க வேண்டும், பிறகு பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் ஆணை) திருத்தம். நேரே பென்ஷன் கேட்டால் 'பிசிகல் கேஷுவாலிட்டி' என்ற ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள். சர்வீஸில் தொடரும்போது ஊனத்துக்கென மொத்தத் தொகை வாங்கினீர்களா என்றும் பாருங்கள். வாங்கியிருந்தால் மாதாந்தரப் பகுதி கிடையாது என்பது விதி.

மனு கொடுத்து ஆறு மாதம் பதில் இல்லையென்றால், அடுத்த ஆறு மாதத்துக்குள் ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போகலாம். நீங்கள் எங்கே பணியாற்றியிருந்தாலும் தமிழ்நாட்டில் குடியிருந்தால் போதும். பழைய தாமதத்துக்கு மன்னிப்பு மனுவும் சேர்த்தே தாக்கல் செய்யுங்கள். மாதாமாதம் குறைத்துத் தருவது தொடர்ந்து நடக்கும் தவறு என்பதால் தாமதத்தைக் காரணம் காட்டி முழுக்கத் தள்ளுவதில்லை. ஆனால் 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, நிலுவை பொதுவாக வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுக்குத்தான். நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பழைய ஒரு மாத நிலுவை கை நழுவுகிறது. தீபாவளி கழியட்டும், பேரன் ஊரிலிருந்து வரட்டும் என்று இருக்காதீர்கள்.

கே: என் கணவர் 1965 போரில் காயம்பட்டவர். கடைசிவரை எதுவும் கேட்டதில்லை. போன வருஷம் இறந்துவிட்டார். நான் கேட்கலாமா?
– தர்மபுரி வாசகி

ப: கேட்கலாம் அம்மா. அவர் வெளியேறியபோது மெடிக்கல் போர்டு சதவீதம் எழுதியிருந்தால், உயிரோடு இருந்த காலத்துக்கு அவருக்கு வர வேண்டியிருந்த நிலுவையை வாரிசாக நீங்கள் கோரலாம். போர்டே நடந்திருக்காவிட்டால் இனி நடத்த உடல் இல்லை, அந்த வழி அடைபட்டுவிட்டது. பதக்கத்துக்கு வாரிசாக ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதலாம். அவர் மரணத்துக்கு அந்தக் காயமே காரணம் என்று மருத்துவமனைத் தாளில் இருந்தால், சாதாரணக் குடும்ப பென்ஷனைவிடக் கூடுதலான வகையைக் கேட்க இடம் உண்டு. இறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது, மரணக் காரணம் எழுதிய மருத்துவச் சான்றின் நகலை மருத்துவமனையில் இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள். உங்கள் பெயர் பி.பி.ஓ.வில் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் ஸ்பார்ஷ் என்ற பென்ஷன் இணையதளத்தில் நின்றுவிடும்.

கே: நிலுவையில் 30 சதவீதம் கொடுத்தால் முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?
– சேலம் வாசகர்

ப: வேண்டாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு எழுதவும் அனுப்பவும் காசில்லாமல் உதவுவார்கள். ஆட்சியர் நடத்தும் படைவீரர் குறைதீர் நாளிலும் கொடுக்கலாம். அசல் டிஸ்சார்ஜ் புக்கை மட்டும் யார் கேட்டாலும் கையை விட்டுக் கொடுக்காதீர்கள், நகல் போதும். ஸ்பார்ஷ் கடவுச்சொல்லும் ஓ.டி.பி.யும் அப்படியே. ஏற்கெனவே சொல்லியிருந்தால் இன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றி, உங்கள் வங்கிக் கணக்கு எண்ணும் கைபேசி எண்ணும் அங்கே மாறாமல் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.